சேலம் மாநகரிலும் மக்கள் பேச சபை உண்டு

"கிராம சபை ஊராட்சிக்கு மட்டும்தான். சேலம் மாநகராட்சியில் ஏரி, குப்பை பற்றிக் கவுன்சிலர் தவிர யாரும் வாய் திறக்க முடியாது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. முதல் பாதி சரி, மற்றது தவறு.

நகரங்களில் வார்டு குழு, பகுதி சபா (வார்டின் ஒரு பகுதி வாக்காளர்கள் கூடிப் பேசும் சபை) அமைக்கும் விதிகள் 2022-லேயே வந்துவிட்டன. அந்த நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டில் கூட்டங்களும் நடந்தன. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் உங்கள் பகுதி சபாவில் நீங்களும் உறுப்பினர். எந்தச் சாக்கடை அடைக்கிறது, எந்த வேலை முதலில் வேண்டும் என்று அங்கே தாராளமாகச் சொல்லலாம். ஏற்காட்டு ஊராட்சிகளுக்குக் கிராம சபையே இருக்கிறது, ஆண்டுக்கு 6 முறை.

சொல்லி என்ன ஆகப்போகிறது என்பவர்கள் கன்னங்குறிச்சி மூக்கனேரியைப் போய்ப் பாருங்கள். 2010-ல் குடிமக்கள் முன்னின்று தூர்வாரி, அள்ளிய வண்டலைத் திட்டுத் திட்டாகக் குவித்து மரம் நட்ட ஏரி அது.