ஸ்டேஜிங் ஃபோல்டரை அழிக்காதீர்கள்

ஸ்கைரிம் போன்ற கேம்களில் மோட்களை (கேமை மாற்றும் கூடுதல் கோப்புகளை) போட்டு நிர்வகிக்கும் மென்பொருள் வோர்டெக்ஸ்; அது மோட்களைப் பிரித்து வைத்திருக்கும் இடம்தான் ஸ்டேஜிங் ஃபோல்டர். "வோர்டெக்ஸ் ஒவ்வொரு மோடையும் இரண்டு தடவை சேமிக்கும், ஸ்டேஜிங் ஃபோல்டரை அழித்தால் பாதி இடம் மிச்சம்" என்று தம்பி எழுதியிருப்பது தவறு. வழக்கமான செட்டிங்கில் அது ஹார்ட்லிங்க் போடுகிறது, அதாவது டிஸ்கில் கோப்பு ஒன்றுதான், ஸ்கைரிமின் டேட்டா ஃபோல்டரிலும் ஸ்டேஜிங்கிலும் தெரிவது அதற்கான இரண்டு பெயர்கள். விண்டோஸ் இரண்டு இடத்திலும் முழு அளவைக் காட்டுவதால்தான் இந்தக் குழப்பம். டிரைவில் மீதி இடத்தைப் பாருங்கள், புரியும். ஹார்ட்லிங்க் வேலை செய்ய இந்த இரண்டு ஃபோல்டரும் ஒரே டிரைவில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்டேஜிங்கை மட்டும் அழித்தால் இடமும் கிடைக்காது, வோர்டெக்ஸுக்கு எந்த மோட் எது என்றும் தெரியாமல் போகும்.

தனியாக இடம் பிடிப்பது டவுன்லோட்ஸில் கிடக்கும், மோட்கள் இறங்கிய ஜிப் கோப்புகள். அவற்றை அழிக்கலாம். ஆனால் ஹட்டன் மழையில் சிக்னல் விட்டு விட்டு வரும்போது 2 ஜிபி டெக்ஸ்சர் மோடை (கேமில் பொருள்களின் மேற்பரப்புப் படங்களை மாற்றுவது) போன் டேட்டாவில் மறுபடி இறக்கியவன் நான், அதனால் பெரியவற்றைப் பழைய ஹார்ட் டிஸ்கில் போட்டு வைக்கிறேன்.