அதிபருக்குப் பின்னால் நிற்கும் வரிசை

அமெரிக்க அதிபருக்கு ஏதாவது ஆகிவிட்டால் துணை அதிபர் வருவார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவரும் இல்லையென்றால் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர். அவரும் இல்லையென்றால் செனட்டின் தற்காலிகத் தலைவர். 2025 ஜனவரியில் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் அயோவா மாநிலத்தின் சக் கிராஸ்லி. பிறந்த ஆண்டு 1933. பெரும்பான்மைக் கட்சியில் யார் அதிக காலம் செனட்டில் இருக்கிறாரோ அவருக்கு மரியாதைக்காக இந்தப் பதவியைக் கொடுப்பது அங்கே வழக்கம். 2001-இல் ஸ்ட்ராம் தர்மண்ட் 98 வயதில் இந்த இடத்தில் இருந்தார். ராபர்ட் பேர்ட் 2010-இல் தமது 92-ஆவது வயதில் இறந்தபோதும் இதே பொறுப்பில்தான் இருந்தார். அதிபரின் நாற்காலியோ, அணு ஆயுதத்தை ஏவச் சொல்வதற்கு இன்னொருவரின் ஒப்புதல் தேவைப்படாத நாற்காலி. அதற்கான வரிசையில் ஓர் இடத்தைப் பணிமூப்பு பார்த்து நிரப்புகிறார்கள்!

முதியவர்களைக் கேலி செய்வதற்காக இதை எழுதவில்லை. 30 வயதுக்காரர் அங்கே இருந்தாலும் இதையேதான் சொல்வேன் (35 நிரம்பாதவர் அதிபராக முடியாது என்பது வேறு விஷயம்). என் சண்டை இந்த வரிசையை வகுத்த 1947-ஆம் ஆண்டு அதிபர் வாரிசுரிமைச் சட்டத்தோடு. சபாநாயகரும் செனட்டின் தற்காலிகத் தலைவரும் அந்த வரிசையில் இருக்கவே கூடாது.

ஏன் என்பதற்கு 1868-ஐப் பார்த்தால் போதும். லிங்கன் சுடப்பட்டதால் அதிபரான ஆண்ட்ரூ ஜான்சன் மீது பதவி நீக்க விசாரணை. துணை அதிபர் பதவி காலி. அன்றைய சட்டப்படி ஜான்சன் விழுந்தால் அடுத்தவர் செனட்டின் தற்காலிகத் தலைவர் பெஞ்சமின் வேட். அந்த வேட் விசாரணை மன்றமான செனட்டில் உட்கார்ந்து, ஜான்சன் குற்றவாளிதான் என்று வாக்களித்தார். தீர்ப்பால் யாருக்கு நாற்காலி கிடைக்குமோ அவரே தீர்ப்பு சொல்கிறார். 35-க்கு 19 என்று முடிந்து, மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஒரு வாக்கு குறைந்ததால் ஜான்சன் பிழைத்தார். ஜான்சனைப் பிடிக்காதவர்களிலேயே சிலர், இவர் போனால் வேட் வந்துவிடுவாரே என்று தயங்கியதும் அவரைக் காப்பாற்றியது. ஆக, குற்றத்தை எடைபோட வேண்டிய இடத்தில் வாரிசை எடைபோட்டார்கள்.

அடுத்த அடி 1881-இல். ஜூலை 2 அன்று சுடப்பட்ட ஜேம்ஸ் கார்ஃபீல்ட் செப்டம்பர் 19 வரை படுக்கையில் கிடந்து இறந்தார். துணை அதிபர் செஸ்டர் ஆர்தர் அதுவரை பொறுப்பைத் தொட மறுத்தார். தொட்டால் பறித்ததாகிவிடும் என்ற அச்சம். பிறகு நியூயார்க்கில் பதவியேற்றபோது திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒருவரும் இல்லை. செனட்டுக்குத் தற்காலிகத் தலைவர் தேர்வாகவில்லை, புதிய சபை இன்னும் கூடாததால் சபாநாயகரும் கிடையாது. வாஷிங்டன் போகும் வழியில் தமக்கு ஏதாவது ஆகிவிட்டால் நாட்டுக்குத் தலைவரே இருக்க மாட்டார் என்று பயந்து, செனட்டைக் கூட்டும் ஆணையை எழுதி, வெள்ளை மாளிகைக்குத் தபாலில் அனுப்பிவிட்டுக் கிளம்பினார். ஒரு வல்லரசின் எதிர்காலம் சில மணி நேரம் தபால் பையில் கிடந்தது.

இதிலிருந்து பாடம் கற்று 1886-இல் நல்ல சட்டம் ஒன்று போட்டார்கள். துணை அதிபருக்குப் பிறகு வெளியுறவு அமைச்சர், நிதி அமைச்சர் என்று அமைச்சரவை வரிசை. கூட்டத்தொடர் நடக்கிறதா இல்லையா என்ற கவலை இல்லை. ஆட்சி அதே கட்சியின் கையில் இருக்கும். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அது நின்றது.

அதைக் கலைத்தவர் ட்ரூமன். ரூஸ்வெல்ட் இறந்து, துணை அதிபரான 82 நாட்களில் அதிபராகிவிட்டவர் அவர். தன் அமைச்சரைத் தானே நியமித்து, அவரையே தன் வாரிசாகவும் ஆக்குவது ஜனநாயகம் அல்ல, மக்கள் தேர்ந்தெடுத்தவரே வர வேண்டும் என்று வாதாடினார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சபாநாயகரை எந்த மக்கள் தேர்ந்தெடுத்தார்கள்? 435 தொகுதிகளில் ஒரே ஒரு தொகுதி மக்கள். அமைச்சரையோ நாடே தேர்ந்தெடுத்த அதிபர் நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தருகிறது. இதில் வேடிக்கை, 1947-இல் சட்டம் நிறைவேறியபோது ஜனநாயகக் கட்சிக்காரரான ட்ரூமனுக்கு அடுத்து நின்றவர் குடியரசுக் கட்சியின் சபாநாயகர் ஜோசப் மார்ட்டின். தன் கொள்கைக்குத் தானே உண்மையாக இருந்தார் என்று ட்ரூமனைப் பாராட்டலாம். ஆனால் ஒரு மரணம் நடந்தால் ஆட்சியே எதிர்க்கட்சிக்குப் போய்விடும் ஏற்பாட்டை நாட்டின் தலையில் கட்டிவிட்டுப் போனார். கொலைகாரனுக்கு இதைவிடப் பெரிய சலுகை என்ன வேண்டும்?

1973-இல் அது நிஜமாகவே வாசல் வரை வந்தது. அக்டோபர் 10 அன்று துணை அதிபர் ஆக்னியூ ஊழல் வழக்கில் சிக்கி விலகினார். வாட்டர்கேட் ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் குடியரசுக் கட்சி அதிபர் நிக்சனின் நாற்காலியும் ஆடிக்கொண்டிருந்தது. அடுத்தவர் ஜனநாயகக் கட்சியின் சபாநாயகர் கார்ல் ஆல்பர்ட். ஓராண்டுக்கு முன்னால்தான் நாடு 49 மாநிலங்களில் நிக்சனை ஜெயிக்க வைத்திருந்தது. ஜெரால்ட் ஃபோர்டைத் துணை அதிபராக ஏற்கும் வாக்கெடுப்பை ஆல்பர்ட்டின் கட்சி இழுத்தடித்திருந்தால் வெள்ளை மாளிகை அவர்கள் மடியில் விழுந்திருக்கும். இழுத்தடிக்கவில்லை, டிசம்பர் 6 அன்று ஃபோர்ட் பதவியேற்றார். அந்த நாகரிகத்துக்கு என் வணக்கம். ஆனால் மனிதர்களின் நாகரிகத்தை நம்பி இருக்கும் சட்டம் எனக்குச் சட்டமாகத் தெரியவில்லை. இன்றைய வாஷிங்டனில் அதே நாகரிகம் கிடைக்குமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஃபோர்ட் வந்தது 1967-இல் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 25-ஆவது திருத்தத்தின்படி. அதற்கு முன் துணை அதிபர் பதவி 16 முறை காலியாகி, அடுத்த தேர்தல் வரை காலியாகவே கிடந்திருக்கிறது. இப்போது அதிபர் ஒருவரை முன்மொழியலாம், இரு அவைகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் திருத்தத்தின் இன்னொரு பகுதி நமக்குப் பழக்கமானதுதான். 2021 நவம்பர் 19 அன்று பைடன் மயக்க மருந்து எடுத்துக்கொண்ட 85 நிமிடங்கள் துணை அதிபர் கமலா ஹாரிஸ் அதிபர் அதிகாரத்தோடு இருந்தார். துளசேந்திரபுரத்தின் பேத்தி என்று நம் பக்கங்களெல்லாம் அன்று களைகட்டின. எனக்குப் பிடித்தது வேறு. ஒரு கடிதம் போனது, அதிகாரம் கைமாறியது. இன்னொரு கடிதம் வந்தது, திரும்பியது. வாரிசு ஏற்பாடு என்றால் இப்படிப் பரபரப்பே இல்லாமல் இருக்க வேண்டும்.

1947 சட்டம் அப்படி இல்லை. 2023 அக்டோபரில் சபாநாயகர் கெவின் மெக்கார்த்தியைச் சொந்தக் கட்சிக்காரர்கள் சிலரே கவிழ்த்தார்கள். மூன்று வாரங்களுக்கு மேல் அந்த இடம் காலி. சபைக்குள் நடந்த ஒரு குழாயடிச் சண்டையால் நாட்டின் வாரிசு வரிசையில் இரண்டாவது இடம் காணாமல் போனது.

இதைத் திருத்த அரசியல் சட்டத்தைத் தொட வேண்டியதில்லை, சாதாரணச் சட்டம் ஒன்றே போதும். ஆனால் யாரும் செய்ய மாட்டார்கள். சபாநாயகர் அதிபரின் கட்சியாக இருந்தால் அவசரம் இல்லை. எதிர்க்கட்சியாக இருந்தால் அவர் தன் இடத்தைத் தானே விட்டுக்கொடுக்க வேண்டும். அதனால் நான் சொல்லும் வழி இது: சட்டத்தை இப்போதே நிறைவேற்றி, 2033 ஜனவரி 20 முதல் அமலாகும் என்று எழுதிவிடுங்கள். அன்றைக்கு எந்தக் கட்சி அதிபர், எந்தக் கட்சி சபாநாயகர் என்று இன்று ஒருவருக்கும் தெரியாது.