எஸ்எஸ்டி மாத்தினா விண்டோஸ் லைசென்ஸ் போயிடுமா? அந்த ஃபார்வேர்டு தப்பு

"லேப்டாப்ல ஹார்ட் டிஸ்க்கை கழட்டிட்டு எஸ்எஸ்டி (வேகமான புது வகை டிஸ்க்) போட்டா விண்டோஸ் லைசென்ஸ் போயிடும், புதுசா காசு கொடுத்து வாங்கணும், டேட்டாவுக்கு சி டிரைவை காப்பி பேஸ்ட் பண்ணா போதும்"னு ஒரு மெசேஜ் சுத்திட்டு இருக்கு. ரெண்டுமே தப்புங்க.

விண்டோஸ் 10, 11-ல டிஜிட்டல் லைசென்ஸ் முக்கியமா மதர்போர்டோடதான் சேர்ந்திருக்கும், டிஸ்க்கை மட்டும் மாத்தினா அது போகாது, அதே எடிஷனை (ஹோம், ப்ரோ மாதிரி) திரும்ப போட்டு நெட் கனெக்ட் பண்ணா தானாவே ஆக்டிவேட் ஆயிடும். செட்டிங்ஸ்ல ஆக்டிவேஷன் பக்கத்துலயே பாத்துக்கலாம், மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் தளத்துலயும் இருக்கு.

ரெண்டாவதா சொல்ற காப்பி பேஸ்ட் விஷயம்தான் எனக்கு ரொம்ப கவலையா இருக்கு, ஏன்னா இதை நம்பி பழைய டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணிட்டா போட்டோ, டாக்குமென்ட் எல்லாமே போயிடலாம். பூட் ஆக, அதாவது விண்டோஸ் ஸ்டார்ட் ஆகத் தேவையான ஃபைல் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத தனி பார்ட்டிஷன்ல (டிஸ்க்கோட தனிப் பகுதி) இருக்கு, ஓடிட்டு இருக்கற சிஸ்டம் ஃபைல் பலதும் லாக் ஆகியிருக்கும், அதனால காப்பி பேஸ்ட் பண்ண டிஸ்க்குல இருந்து விண்டோஸ் பூட் ஆகாது. குளோன் பண்ணணும் (அதுக்கான சாஃப்ட்வேர் வச்சு டிஸ்க்கை அப்படியே முழுசா நகல் எடுக்கறது), இல்லன்னா புதுசா விண்டோஸ் போட்டுட்டு உங்க ஃபைலை மட்டும் கொண்டு வரணும்.

பிட்லாக்கர் (டிஸ்க்கை பூட்டி வைக்கற விண்டோஸ் வசதி) ஆன்ல இருந்தா, அதைத் திறக்கற ரெக்கவரி கீயை முன்னாடியே வேற இடத்துல எடுத்து வச்சுக்கோங்க, இதை நிறைய பேர் மறந்துடறாங்க. புது டிஸ்க்குல எல்லாம் திறக்குதான்னு பாக்கற வரைக்கும் பழைய டிஸ்க்கை தொடாதீங்க.

அந்த மெசேஜ் உங்களுக்கு வந்தா தயவுசெஞ்சு யாருக்கும் அனுப்பாதீங்க, அனுப்பினவங்களுக்கும் விஷயத்தை சொல்லிடுங்க.