சனிக்கிழமைச் சிரிப்பு

சனிக்கிழமை கூட்டத்தில் என்ன நடந்தது என்று வந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கும் இதற்குள் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருக்கும். ஷேக்ஸ்பியர் நாடகத்தின் பெயரை ‘மெக்பெத்’ என்று நான் உச்சரித்ததை அங்கே ஒருவர் திருத்தினார். சரி, திருத்தட்டும். “முதல்ல நாடகத்தைப் படிச்சிட்டு வாங்க” என்றாரே, அதற்குத்தான் இந்தப் பதிவு.

நான் சொன்னது இவ்வளவுதான். சூனியக்காரிகளின் ஆரூடத்தை நம்பி, மனைவி தூண்ட, அரசன் டங்கனைக் கொன்று பதவிக்கு வருபவனின் கதை மெக்பெத். அதைப் பலர் படமாக எடுத்திருக்கிறார்கள். அந்த நாடகத்தின் பயம் முழுசாக இறங்கியது 1957-இல் ஜப்பானிய இயக்குநர் குரோசவா எடுத்த படத்தில்தான். ஷேக்ஸ்பியரின் ஒரு வரிகூட அதில் கிடையாது. “வரியே இல்லாம என்ன ஷேக்ஸ்பியர்?” என்று அவர் சிரித்தார். பின்வரிசையும் சேர்ந்து சிரித்தது.

வரி இருக்கிற படங்களையும் பார்த்திருக்கிறேன் ஐயா. 1971-இல் போலன்ஸ்கி எடுத்ததில், கடைசியில் டங்கனின் இளைய மகன் சூனியக்காரிகளைத் தேடிப் போவான். நாடகத்தில் அது கிடையாது. ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான். 2021-இல் ஜோயல் கோயன் எடுத்ததில் மூன்று சூனியக்காரிகளும் கேத்ரின் ஹன்டர் ஒருவரே. அவர் உடம்பை முறுக்கி நின்றது கண்ணிலேயே இருக்கிறது, பேசியது நினைவில்லை. வரி இருக்கிற படத்திலும் மனசில் தங்குவது வரி இல்லையே!

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். ஆங்கிலம் கையெழுத்துப் போடும் அளவுக்குத்தான். சிங்கப்பூர் ஈசூனில் மூவறை வீடு. உயர்நிலைப் பள்ளி ஓ லெவல் தேர்வுக்கு நான் இதே நாடகத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது (ஆமாம், படித்திருக்கிறேன், இரண்டு வருஷம்) அந்த ஜப்பானியப் படத்தின் டிவிடியைப் போட்டேன். வேலை முடிந்து வந்த அப்பாவும் உட்கார்ந்தார். பேசுவது ஜப்பானிய மொழி, கீழே ஓடுவது ஆங்கிலம், இரண்டும் அவருக்குத் தெரியாது. மெக்பெத்தின் மனைவி இடத்தில் வரும் அசாஜி எழுந்து இருட்டுக்குள் போகிறாள், காவலாளிகளுக்கான மதுவோடு திரும்பி வருகிறாள். பேச்சே இல்லை, பட்டு தரையில் உரசும் சத்தம் மட்டும். “இவ அவனை விடமாட்டா” என்றார். கடைசியில் மெக்பெத் இடத்தில் நடித்த மிஃபுனே மேல் அம்பு மழை. நிஜ வில்லாளிகள் எய்த நிஜ அம்புகள் அவை. அப்பா சோபாவில் பின்னால் நகர்ந்தே விட்டார். அவரிடம் போய் நாடகத்தைப் படித்துவிட்டு வா என்பீர்களா?

“நாடகத்தில் மெக்பெத் நாளை, நாளை என்று பேசும் அந்தப் பேச்சு போய்விட்டதே” என்பீர்கள். போய்விட்டதுதான். இழப்புதான்.

“அப்போ மக்பூல்? அது வெறும் தாதா படம்” என்று அந்த இந்திப் படத்தைச் சொன்னவருக்கு: சூனியக்காரிகளை ஜாதகம் கணிக்கும் இரண்டு போலீஸ்காரர்களாக்கியதும், நாடகத்தில் வருவதுபோல் காடு நகர்வதற்குப் பதில் கடல் வீட்டுக்கு வரும் என்று வைத்ததும் வெறும் தாதா படம் எடுப்பவருக்குத் தோன்றுமா? மெக்பெத்தின் மனைவி இடத்தில் வரும் தபு அதில் மனைவிகூட இல்லை, தலைவனின் ஆசைநாயகி. பதவி வெறியோடு காதலும் சேர்ந்து கத்தியை எடுக்கிறது. 2003-இல் விஷால் பரத்வாஜ் செய்த அந்த ஒரு மாற்றத்தைப் பற்றிப் பேசத்தான் மைக்கை வாங்கினேன். உச்சரிப்பிலேயே என் நேரம் முடிந்துவிட்டது.

தமிழ்க் கூட்டம் அது. அங்கே ஒருவர் ‘ழ’ வராமல் ‘தமில்’ என்றால் யாரும் சிரிப்பதில்லை. பாவம், முயற்சி செய்கிறார் என்று கைதட்டுவார்கள், நானும்தான் தட்டியிருக்கிறேன். ஆங்கிலப் பெயர் ஒன்று நாக்கில் பிசகினால் மட்டும் மூல நூல் படிக்காதவள். அரசுப் பள்ளியில் அந்தப் பெயரை நாங்கள் இப்படித்தான் சொன்னோம். அதில் ஏ வாங்கியவள் நான். இதையெல்லாம் இங்கே எழுத வேண்டியிருக்கிறது பாருங்கள், அதுதான் வலிக்கிறது.

அடுத்த மாதம் ஒதெல்லோவாம். நான் வரவில்லை.