"நீதான் நர்சிங் படிக்கிறியே!"

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டாம் வருடம் படிக்கிறேன். இரண்டாம் வருடம்தான்! வார்டில் ஒரு பாராசிட்டமால் மாத்திரையை நோயாளியின் கையில் வைப்பதென்றால்கூட டாக்டர் எழுதியிருக்க வேண்டும், பக்கத்தில் ஸ்டாஃப் நர்ஸோ எங்கள் மேடமோ நிற்க வேண்டும். சரியான ஆளா, சரியான மருந்தா, சரியான அளவா, சரியான வழியா, சரியான நேரமா என்று ஐந்தையும் பார்த்துவிட்டுத்தான் கையே நீளும். அங்கே அவ்வளவு காவல். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பெரியப்பா நாலு மாத்திரை அட்டையை நீட்டுகிறார். "இதுல எதைம்மா நிறுத்தலாம்?"

எதைச் சாப்பிடலாம் என்றுகூட இல்லை. எதை நிறுத்தலாமாம்!

சித்தி இன்னும் ஒரு படி மேலே. பிபி மாத்திரை ஆரம்பித்து மூன்று மாதம் ஆயிற்று. போன வாரம் அளந்ததில் 120க்கு 80. உடனே எனக்கு போன். "நார்மல் ஆயிடுச்சு, இனிமே மாத்திரை வேண்டாம்தானே?" சித்தி, அது நார்மலாக இருப்பதே மாத்திரை போடுவதால்தான், நிறுத்தினால் மறுபடி ஏறும், எதுவாக இருந்தாலும் எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள் என்றேன். எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. "அதைச் சொல்றதுக்கா உன்னைக் கூப்பிட்டேன்? டாக்டர்கிட்ட போகாம இருக்கத்தானே உன்கிட்ட கேக்கிறேன்."

அட, இதுதான் விஷயமே. இவர்கள் யாரும் என்னிடம் ஆலோசனை கேட்பதில்லை. முடிவை முன்னமே எடுத்துவிட்டு, அதில் கையெழுத்துப் போட ஓர் ஆள் தேடுகிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டால் "நான் அப்பவே நினைச்சேன்" என்பார்கள். ஏதாவது ஏடாகூடமானால் "அவதான் போடச் சொன்னா" என்று பழி என் தலையில் விடியும்.

அண்ணனுக்குத் தொண்டை வலி. அலமாரியைக் குடைந்து, எப்போதோ யாருக்கோ வாங்கி மிச்சம் விழுந்த ஆன்டிபயாட்டிக் அட்டையைக் கண்டுபிடித்துவிட்டான். அதில் மூன்று மாத்திரை இருக்கிறது. "மூணு நாளைக்கு மூணு, கரெக்டா இருக்குல்ல?" என்கிறான், ஏதோ கணக்குப் பரீட்சையில் விடை வந்துவிட்ட மாதிரி. தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருவது, வைரஸை இந்த மாத்திரை எதுவும் செய்யாது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945 டிசம்பரில் நோபல் பரிசு உரையிலேயே ஒரு கற்பனை மனிதரைப் பற்றிச் சொன்னார். அந்த ஆளுக்குத் தொண்டை வலி. தானே பென்சிலின் வாங்கி, போதாத அளவில் போட்டுக்கொள்கிறார். கிருமி சாகவில்லை, மருந்தைத் தாங்கப் பழகிக்கொண்டது. அது மனைவிக்குத் தொற்றுகிறது. அவளுக்குக் கொடுத்த பென்சிலின் வேலை செய்யாமல் அவள் இறந்துபோகிறாள். அந்த மனிதருக்கு ஃபிளெமிங் பெயர்கூட வைக்கவில்லை, மிஸ்டர் எக்ஸ் என்றார். என்னிடம் கேட்டிருந்தால் அண்ணன் பெயரைக் கொடுத்திருப்பேன்.

தோழிகள் மட்டும் சளைத்தவர்களா? நடுராத்திரி ஒரு படம் வரும். கூடவே ஒரு வரியும் இருக்காது. இருட்டில் எடுத்த, ஆடிப்போன படத்தில் சிவப்பாக ஏதோ தெரியும். அது முழங்கையா முழங்காலா என்பதே பிடிபடாது. கீழே ஒரு கேள்விக்குறி மட்டும். அடுத்த நிமிடமே "பாத்தியா? என்ன க்ரீம் போடலாம்?" ஒருத்தி யாரோ கொடுத்த ஸ்டீராய்டு க்ரீமைப் படர்தாமரையின் மேல் இரண்டு வாரம் தேய்த்துவிட்டு, அரிப்பு நின்றுவிட்டது, ஆனால் வட்டம் ஏன் பெரிதாகிக்கொண்டே போகிறது என்று கேட்டாள். பூஞ்சைக்கு ஸ்டீராய்டு போட்டால் அப்படித்தான், அரிப்பை அமுக்கிவிட்டு பூஞ்சையை வளர்த்துவிடும். தோல் டாக்டரிடம் போ என்றேன். "ரொம்பத்தான் பண்றே" என்று பதில் வந்தது.

இன்னொருத்தி காய்ச்சலுக்கு "இன்னொரு பாராசிட்டமால் போடலாமா?" என்றாள். கேட்பதற்குச் சாதாரணக் கேள்வி. இதுவரை எத்தனை போட்டாய் என்றேன். ஞாபகமில்லையாம். சளிக்கு வேறு ஏதாவது? ஆமாம், அது ஒரு கலர் மாத்திரை. அட்டையைத் திருப்பிப் படி என்றேன். அதிலும் பாராசிட்டமால்! உடம்பில் வேறு கோளாறு இல்லாத பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் எல்லை, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. அதைத் தாண்டினால் கல்லீரல் போகும், அதுவும் முதல் நாளே வெளியே தெரியாது. ஒரு வரிக் கேள்விக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. "போடு" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போயிருந்தால் நான் நல்லவளாகியிருப்பேன்.

இப்போது மாமா கதைக்கு வருகிறேன். இதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

ராத்திரி பதினொன்றரை. மாமா போன். "ஒண்ணுமில்லம்மா, நெஞ்சுல கொஞ்சம் வாயு பிடிச்ச மாதிரி இருக்கு. நல்ல கேஸ் மாத்திரை பேரு ஒண்ணு சொல்லு." குரல் இழுத்து இழுத்து வந்தது. வேர்க்கிறதா மாமா? கொஞ்சம். தாடை, இடது கை எங்கேயாவது வலிக்கிறதா? தாடை லேசா. மாமாவுக்குப் பத்து வருடமாகச் சுகர். சுகர் இருப்பவர்களுக்கு மாரடைப்பு வந்தால்கூட வலி மந்தமாகத்தான் தெரியலாம் என்று வகுப்பில் கேட்டது அப்படியே தலைக்குள் ஓடியது. மாத்திரை பெயர் சொல்ல மாட்டேன், இந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நீங்கள் வண்டி ஓட்டக் கூடாது என்று கத்தினேன். அத்தையை எழுப்பவைத்தேன். என் கை நடுங்கியது, அதை அவர்களிடம் காட்டிக்கொள்ளவில்லை.

போனார்கள். முதல் ஈசிஜி நார்மல். ஆனாலும் விடாமல் உட்காரவைத்து, சில மணி நேரம் கழித்து ரத்தப் பரிசோதனையைத் திரும்ப எடுத்து, காலையில்தான் அனுப்பினார்கள். நெஞ்சில் ஒன்றுமில்லை. நல்லவேளை, சரி.

அன்றிலிருந்து குடும்பம் கூடுகிற இடமெல்லாம் இதுதான் நகைச்சுவைக் காட்சி. "வெறும் வாயுவுக்கு இவ என்னை ராத்திரி பூரா படுக்கவச்சுட்டாப்பா!" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். மாரடைப்பிலும் முதல் ஈசிஜி நார்மலாக வரலாம், அதனால்தான் ரத்தத்தை இரண்டாம் முறை எடுத்தார்கள் என்று விளக்கப் போனால், "சரி சரி, டாக்டரம்மா" என்று தோளில் தட்டுகிறார்கள். நான் டாக்டர் இல்லை, ஆகப்போவதும் இல்லை. நாளைக்கே மாமா அதே போனைப் போட்டாலும் அதையேதான் கத்துவேன்.

எனக்குத் தெரிந்ததை யாராவது கேட்டால் எவ்வளவு ஆசையாகச் சொல்வேன் தெரியுமா? பிபி பார்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். மாடியேறி மூச்சிரைக்க வந்து, சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றச்சொல்லி, பக்கத்தில் இருப்பவரோடு சண்டை போட்டுக்கொண்டே "எவ்வளவு காட்டுது?" என்கிறார்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள், காலைத் தரையில் ஊன்றுங்கள், கை இதய மட்டத்தில் இருக்கட்டும், பேசாதீர்கள் என்றால் என்னை ஏதோ அபசகுனம் மாதிரிப் பார்க்கிறார்கள். டாக்டரிடம் போகும்போது, சாப்பிடுகிற எல்லா மாத்திரையின் பெயரும், எப்போதிலிருந்து தொந்தரவு, எந்த மருந்து ஒத்துக்காது என்பதும் ஒரு தாளில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. எழுதித் தருகிறேன் என்று நானே கேட்கிறேன், வேண்டாமாம். மாத்திரை பெயர் மட்டும் போதுமாம். கேட்டதைச் சொன்னால் நான் நர்ஸ். கேட்காததைச் சொன்னால் சின்னப் பொண்ணு.

எல்லாவற்றுக்கும் தரகர் யார் என்றால், என் அம்மா. "அவகிட்ட அனுப்புங்க, பார்த்துச் சொல்லுவா" என்று என் நம்பரைப் பிரசாதம் மாதிரி விநியோகித்துக்கொண்டிருக்கிறார். அம்மாவின் சிநேகிதியின் நாத்தனாருடைய ஸ்கேன் ரிப்போர்ட் என் போனில் இருக்கிறது. அந்த அம்மாளை நான் பார்த்ததே இல்லை, அவருடைய கர்ப்பப்பை அளவு மட்டும் தெரியும். நான் பார்க்கலாமா கூடாதா என்று அவரிடம் ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நேற்று மருந்தியல் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளே வந்தார். பக்கத்து வீட்டுப் பூனை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம், உடம்பு சுடுகிறதாம். "அரை பாராசிட்டமால் கொடுக்கலாமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

நாற்காலி விழ எழுந்தேன். கூடவே கூடாது, பூனைக்கு அது விஷம், பாதி மாத்திரையே பூனையைக் கொன்றுவிடலாம், உடனே கால்நடை டாக்டரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள் என்றேன். இத்தனை நாளில் ஒரு நொடிகூடத் தயங்காமல் நான் கொடுத்த முதல் பதில் அதுதான்.

அம்மா வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். "இதுக்கும் டாக்டரா? அப்புறம் என்னதான்டி படிக்கிறே?"