குழந்தை கைக்கு எட்டியதை நீங்கள் ஏன் சார் எடுத்தீர்கள்?

பெரியவர்களே, குழந்தைகள் விளையாடுகிற இடத்துக்கு வந்தால் கொஞ்சம் ஓரமாக நிற்கவே முடியாதா உங்களால்? பள்ளி விழாவில் முன்வரிசை, ஈஸ்டர் முட்டை தேடுகிற புல்வெளி, பிறந்தநாள் வீட்டில் பலூன், எங்கே போனாலும் நாற்பது வயது ஆள் ஒருவர் ஆறு வயதுக் குழந்தையை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் நிற்கிறார். உங்களில் பாதிப் பேர் இதை அனுபவித்திருப்பீர்கள். எனக்கு அயர்லாந்தில், கார்லிங்ஃபோர்டில் லெப்ரகான் வேட்டையில் நடந்தது. லெப்ரகான் என்றால் ஐரிஷ் நாட்டுப்புறக் கதைகளில் வருகிற மாயக் குள்ளன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஆகியும் வயிறு எரிகிறது.

டப்ளினிலிருந்து எம்1 சாலையில் வடக்கே போய், டண்டாக் தாண்டி வலப்பக்கம் திரும்பினால் வருகிற சின்னக் கடலோர ஊர் அது. முன்னால் கடல் உள்ளே நீண்டு வந்து நிற்கிறது, அக்கரையில் வட அயர்லாந்தின் மோர்ன் மலைகள், முதுகுப் பக்கம் 589 மீட்டர் உயர ஸ்லீவ் ஃபாய். அந்த மலை முகட்டைப் பார்த்தால் ஃபின் மக்கூல் என்கிற ராட்சதன் மல்லாந்து படுத்துத் தூங்குவது போல இருக்கும் என்பார்கள். உண்மையாகவே இருந்தது. கார் கண்ணாடி வழியாகவே என் மகள் மூக்கு எது, வயிறு எது என்று கண்டுபிடித்துவிட்டாள்.

1989ல் அந்த ஊரில் மதுக்கடை நடத்திய பி.ஜே. ஓஹேர் என்பவர் மலையிலிருந்து ஒரு குட்டிப் பச்சை உடுப்பையும் கொஞ்சம் எலும்பையும் தங்கக் காசுகளையும் எடுத்து வந்ததாகச் சொல்கிறார்கள். உடுப்பைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அதை வைத்துப் பிறந்ததுதான் இந்த வேட்டை. மண் பொம்மை லெப்ரகான்களைப் பரிசுப் பணத்தோடு மலையில் ஒளித்து வைப்பார்கள், குடும்பம் குடும்பமாக ஏறித் தேட வேண்டும். கெவின் வுட்ஸ் என்று ஒருவர் இருக்கிறார், லெப்ரகான்களோடு பேசுகிறவர் என்று பெயர். அயர்லாந்தில் இன்னும் 236 பேர் மிச்சமிருக்கிறார்கள் என்கிறார். 2009லிருந்து ஐரோப்பியச் சட்டப்படி அவர்கள் பாதுகாக்கப்பட்ட இனம் என்று ஊரே பெருமையாகச் சொல்கிறது. எனக்கு அந்த ஊர் பிடித்ததே இதனால்தான். நான் பார்த்த வரையில் அங்கே ஒருவர்கூடக் குழந்தை காதில் விழும்படி "அதெல்லாம் சும்மா" என்று சொல்லவில்லை. கடைக்காரரும் சரி, தெருவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தாத்தாவும் சரி, "மலைக்குப் போகிறாயா, சத்தம் போடாமல் நட" என்று அவளிடம் ரகசியமாகச் சொன்னார்கள்.

அப்படி ஓர் ஊரில்தான் அந்த நீல ஜாக்கெட்காரர் வந்து சேர்ந்தார்.

என் மகள் மூன்று வாரமாகத் தயாரானவள். லெப்ரகான் செருப்புத் தைக்கிறவன், பார்த்த கண்ணை எடுத்தால் மறைந்துவிடுவான், புதையல் இருக்கிற செடியில் அடையாளத்துக்குச் சிவப்புப் பட்டை கட்டிவிட்டு மண்வெட்டி எடுக்கப் போனால் திரும்பி வருவதற்குள் வயலில் இருக்கிற எல்லாச் செடியிலும் சிவப்புப் பட்டை கட்டிவைத்துவிடுவான், எல்லாம் அவளுக்குத் தெரியும். பணம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவளுடைய பொம்மையின் இடது கால் செருப்பில் வார் அறுந்து ஒரு மாதம் ஆகிறது. அதைத் தைத்து வாங்க வேண்டும். அவ்வளவுதான். விரல் நுனி அளவு சிவப்புச் செருப்பு, டிஷ்யூவில் சுற்றிக் கோட்டுப் பையில் வைத்திருந்தாள்.

ஒன்றரை மணி நேரம் ஏறினோம். ஈரப் பெரணி, சேறு, ஆட்டுப் புழுக்கை, மூக்கு ஒழுகும் காற்று. ஒரு பாறை இடுக்கில் பச்சைத் தொப்பி நுனி தெரிந்தது. அவள்தான் பார்த்தாள். என் விரலை இறுக்கிப் பிடித்து, "அம்மா, கண்ணை எடுக்காதே" என்றாள். எடுக்கவில்லை. நான் சத்தியமாக எடுக்கவில்லை. அவள் குனிந்து முழங்காலைச் சேற்றில் ஊன்றினாள். வேறு குழந்தையாக இருந்தால் லபக்கென்று பிடித்திருக்கும். இவள் முதலில் "ஹலோ" சொன்னாள். கண்ணைத் தொப்பியிலிருந்து நகர்த்தாமல் ஒரு கையால் பையைத் துழாவினாள். டிஷ்யூ வந்தது. பிரிக்கிறாள், ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பொறுமையாகப் பிரிக்கிறாள். மூலை ஒன்று கிழிகிறது. செருப்பு தெரிகிறது. அந்த நேரத்தில் அவள் தலைக்கு மேலே ஒரு நீலக் கை. கடிகாரம் கட்டின, மயிர் அடர்ந்த, முழு வளர்ச்சி அடைந்த மனிதக் கை. அவள் பின்னலை உரசிக்கொண்டு போய்த் தொப்பியைப் பிடித்து வெளியே இழுத்தது.

"கிடைச்சிருச்சு!" என்று அவர் கத்தினார். மனைவி புகைப்படம் எடுத்தார். என் மகள் சேற்றில் முழங்காலிட்டபடியே செருப்பை நீட்டிக்கொண்டிருக்கிறாள்.

சரி, எடுத்துத் தொலைத்தீர்கள். பணத்தை வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒரு சென்ட்டும் வேண்டாம். "குழந்தைதான் முதலில் பார்த்தாள்" என்று நான் சொன்னதற்கு, "யார் எடுக்கிறார்களோ அவர்களுக்குத்தான்" என்றார். அதையும் விழுங்கிக்கொண்டேன். அப்புறம் அவர் குனிந்து, அவள் முகத்துக்கு நேரே அந்தப் பொம்மையைப் பிடித்து, நகத்தால் அதன் வயிற்றில் டக் டக் என்று தட்டிக் காட்டினார். "பொம்மைதான் பாப்பா, உள்ளே வெறும் ஓட்டை. அழாதே."

அவள் அழவே இல்லை ஐயா! நீங்கள் தட்டின பிறகுதான் அழுதாள்.

யார் கேட்டது உங்களிடம்? ஒரு ஊரே இத்தனை வருஷமாக வாயைக் கட்டிக் காப்பாற்றுகிற ஒன்றை இரண்டு தட்டில் உடைக்க உங்களுக்கு என்ன உரிமை? பொம்மை என்று அவளுக்குத் தெரியாமல் போய்விடுமா? எட்டு வயதிலோ ஒன்பது வயதிலோ அவளாகவே தெரிந்துகொள்வாள், அதற்கு அவளுக்கு நேரம் இருந்தது. அந்த நேரத்தைத்தான் நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். பரிசுப் பணத்தைவிட அது எவ்வளவு பெரிது என்று உங்களுக்கு ஒருநாளும் புரியப் போவதில்லை.

பாதையில் நின்றிருந்த மஞ்சள் ஜாக்கெட் பாட்டி ஒருவர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். மெதுவாக இறங்கி வந்தார், மூட்டு வலிக்கிறவர் போல இரண்டு தடவையாக உட்கார்ந்தார். "இத்தனை கூட்டத்தில் அவர்கள் வேலை செய்ய மாட்டார்கள் கண்ணு, ராத்திரிதான் தைப்பார்கள்" என்று சொல்லி, செருப்பை வாங்கி அந்த இடுக்கில் வைத்து, மேலே ஒரு தட்டைக் கல்லை மூடினார். என் மகள் கல்லைச் சரிபார்த்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பாட்டிக்கு நான் நன்றி சொன்னேனா என்றுகூட ஞாபகம் இல்லை. தொண்டை அடைத்துக்கொண்டது.

இறங்கி வருகிற வழியெல்லாம் வீட்டுக்காரர், "விடும்மா, சின்ன விஷயம்." சின்ன விஷயமா? எது சின்ன விஷயம்? நீங்கள் எல்லோரும் எதற்கெடுத்தாலும் சின்ன விஷயம் சின்ன விஷயம் என்று சொல்லிச் சொல்லித்தான் நீல ஜாக்கெட்காரர்கள் உருவாகிறார்கள். அதே மனிதர்தான் காலையில் தயிர் சாத டப்பாவை அமுக்கி மூடாமல் பையில் வைத்தார். "மூடினேன்" என்று அடித்துச் சொன்னார். காரைத் திறந்தால் மாற்றுச் சாக்ஸ், துண்டு, குழந்தையின் ஸ்வெட்டர், எல்லாம் தயிர், நடுவில் ஒரு கறிவேப்பிலை. நான்கு பக்கமும் கிளிப் இருக்கிற டப்பா அது. நான்கு கிளிப். இரண்டைத்தான் போட்டிருக்கிறார்.