ஐந்து வயது வரை திரையே கூடாதா?

"ஐந்து வயது வரை திரையே கூடாது, வீடியோ கால்கூடக் கெடுதல், உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் சொல்லவில்லை. 2019 வழிகாட்டுதலில் இரண்டு வயதுக்குள்தான் வேண்டாம் என்கிறார்கள். இரண்டு முதல் நான்கு வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்குள், குறைந்தால் நல்லது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியோ 2016-இலேயே, ஒன்றரை வயதுக்குள் இருப்பவர்களுக்கும் வீடியோ காலுக்கு விலக்கு கொடுத்துவிட்டது. கிறுக்கிய படத்தைக் கேமராவில் முட்டுகிற மாதிரி காட்ட, "யானையா கண்ணு?" என்று பாட்டி கேட்க, "இல்ல, அப்பா!" என்று பதில் வருவதில் என்ன கெடுதல்?

அப்புறம், உலக சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டுதலில் யாரும் பகிராத பகுதி: மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் தினமும் 3 மணி நேரமாவது ஓடியாட வேண்டும், அதில் 1 மணி நேரம் நன்றாக மூச்சு வாங்க. மொட்டைமாடியில் ஓடிப்பிடித்து விளையாடினாலும் கணக்குதான்.